மீதிச் சீட்டு

கவிதை எழுதுவதில் மணிமாறனுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து வரும் பெல்ட்டுக்கு அவன் ஆபரேட்டர். ஏதோ கோளாறில் பெல்ட் நின்று மறுபடி ஓடுவதற்குள் ஒரு கவிதையை எழுதி முடித்துவிடுவான். இருபது வருஷத்தில் சிற்றிதழ்களில் நூற்றுச் சொச்சம் கவிதைகள் வந்தாயிற்று. இரண்டு தொகுப்புகளும் வந்தன. அவற்றில் பாதிப் பிரதிகள் இன்னும் குவார்ட்டர்ஸ் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

நாவல்தான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியது. ஒன்பது வருஷமாக எழுதுகிறான். முதல் அத்தியாயத்தை மட்டும் பதினாலு தடவை எழுதியிருக்கிறான். பதினைந்தாம் தடவை உட்கார்ந்தபோது மனைவி சத்யா எட்டிப் பார்த்து, "ஏங்க, அந்த ஆளு இன்னுமா பஸ்ஸை விட்டு இறங்கலை?" என்று கேட்டாள். கதாநாயகன் முதல் பக்கத்தில் வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். பாவம், ஒன்பது வருஷமாகப் படிக்கட்டிலேயே நிற்கிறான்.

நடுவில் ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதுபோல் வந்து விழுந்தது. சென்னையில் பதிப்பகம் வைத்திருக்கும் அறிவழகனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினான். அறிவழகன் அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

"சார், அந்தச் சீட்டு சாப்டர்தான் நாவல். மத்ததெல்லாம் சும்மா சுத்தி நிக்கிற கூட்டம். ஆனா அண்ணன் என்ன ஆனான்? தம்பி செஞ்சது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லாம விட்டீங்கன்னா படிக்கிறவன் சட்டையைப் பிடிப்பான். மாசக் கடைசிக்குள்ள முடிவு வரணும். இல்லேன்னா இந்த வருஷமும் புத்தகக் கண்காட்சிக்கு நாவல் இல்லை."

அன்றிலிருந்து மணிமாறனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய் இரண்டு வரி எழுதுவான், வந்து அடித்துவிட்டுச் சாப்பிடுவான். சாம்பாரில் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். அண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று எழுதினால் கதை சப்பென்று இருந்தது. தெரியும் என்று எழுதினால் பொய்யாக இருந்தது. காரணம், அந்த அண்ணனை அவனுக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் பார்க்கிறான்.

அண்ணன் பெயர் கலியன். பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடும் காண்ட்ராக்ட் ஆள். தம்பி செல்வகுமார் பெர்மனென்ட், அதே பெல்ட்டுக்கு ஆபரேட்டர். மணிமாறன் முதல் ஷிப்ட் முடித்து இறங்கும்போது இரண்டாம் ஷிப்டுக்கு வந்து அவனை விடுவிக்கிறவன் செல்வகுமார்தான். பதினாறு வருஷப் பழக்கம். கேபினுக்குள் நுழைந்ததும் செல்வகுமார் கேட்கும் முதல் கேள்வி, "ஒண்ணும் விசேஷம் இல்லியே?" மணிமாறன் சொல்லும் பதில், "ஒண்ணும் இல்ல. நார்மல்." பிறகு லாக் புக்கில் அவன் கையெழுத்து, இவன் கையெழுத்து. அந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் ஒரு ஷிப்டும் கை மாறியதில்லை.

செல்வகுமாரின் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று ஆயிற்று. வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். யாருக்கு என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. மாரியம்மன் கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று ஊர் முடிவு செய்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சின்னவனையே எழுதச் சொன்னார்கள். அவன் இரண்டு சீட்டிலும் தன் பெயரையே எழுதினான். ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சாமியே சொல்லிவிட்டது என்று ஊர் கலைந்தது.

இதை செல்வகுமார் மூன்று வருஷத்துக்கு முன்னால், பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், முத்தாண்டிக்குப்பத்து டீக்கடையில் வைத்துச் சொன்னான். டீ ஆறிப்போய் ஆடை கட்டும் வரை அழுதான். எழுதிவிடாதே என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான் மணிமாறன். எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி ஒன்று உண்டு, வெட்கம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் அவனுக்கு இருந்தது. உண்மைப் பெயர்களை வைத்துத்தான் எழுதுவான். ஆரம்பத்திலேயே பெயரை மாற்றினால் ஆள் காகிதத்தில் நிற்க மாட்டேன் என்கிறான், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. ஆக, நாவலில் தம்பி செல்வகுமார், அண்ணன் கலியன். கோயில்கூட அதே கோயில்.

மூன்றாவதாக, நாவலை அவன் எழுதி வந்தது லாக் புக்கில். கட்டம் மாறிய புது லாக் புக் அச்சடித்து வந்தபோது, மிச்சமிருந்த பழைய புக்குகளைக் கழித்துக் கட்டினார்கள். ஒரு டஜனை இவன் கேட்டு வாங்கி வந்தான். தடித்த தாள், கெட்டி அட்டை. மேலே என்னவென்று எழுதி ஒட்டவில்லை, கூச்சம். கேபின் மேஜையில் இருக்கும் நிஜ லாக் புக்குக்கும் பையில் இருக்கும் நாவலுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை செல்வகுமார் லீவு. மகளைக் காலேஜில் சேர்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக வந்தவர் ஹபீப் முகமது. ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கிற, எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிற மனிதர். மணிமாறன் கடைசி நிமிஷம்வரை ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சுரங்கத்து பஸ் ஹாரன் அடித்தது. அவசரத்தில் ஒரு புக்கைப் பையில் திணித்தான், ஒன்றை மேஜையில் விட்டான், பாய்க்குக் கையை ஆட்டிவிட்டு ஓடினான்.

வீட்டுக்கு வந்து, குளித்து, காபி குடித்து, மூன்றரை மணிக்கு மேஜையில் உட்கார்ந்து புக்கைப் பிரித்தான். பெல்ட் ஓடிய நேரம், நின்ற நேரம், மோட்டார் சூடு. எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. கையில் இருந்தது நிஜ லாக் புக், நாவல் பாயின் மேஜையில்.

திரும்பிப் போகலாம் என்றால், ஷிப்ட் இல்லாதவனைக் கேட்டில் விட மாட்டார்கள். விட்டாலும் கேபினுக்கு நடந்து போய்ச் சேரும் தூரமில்லை, பஸ் ஷிப்ட் மாறும்போதுதான். பாயின் போன் லாக்கரில் இருக்கும். கேபினில் இருக்கும் உள்போனை எப்படியோ எக்ஸ்சேஞ்ச் வழியாகப் பிடித்தான்.

"என்ன மணி," பாய் குரலில் சிரிப்பு. "லாக் புக்கைப் பிரிச்சா பொம்பளை ஒருத்தி பஸ்ஸுல அழுதுகிட்டிருக்கா. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே பெல்ட்டை ஸ்டார்ட் பண்ணினேன். எழுத இடம் வேணுமேன்னு உன் கதைக்கு அடியிலயே எழுதிட்டேன்பா. ரெண்டு நாப்பதுக்கு பெல்ட் ஸ்டாப், மூணு அஞ்சுக்கு ஸ்டார்ட். கோவிச்சுக்காத."

"பாய், பரவாயில்ல பாய். அதை மூடி உங்க பைக்குள்ள வச்சிடுங்க. யாரும் பாக்க வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இப்ப எப்படி வைக்கிறது? கலியன் படிச்சிட்டிருக்கார்."

மணிமாறன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பாய் நிறுத்தவில்லை.

"டீ குடிக்க வந்தார். நம்ம மணி எழுதின கதை, உங்க பேர்லயே ஒரு ஆள் வர்றார்னு நான்தான் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அரை மணி நேரமா தலையைத் தூக்கலை. உன் எழுத்துக்கு இது பெரிய மரியாதைப்பா. பேசறியா?"

"வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பாய் மேல் தப்பில்லை. அவர் சீட்டு அத்தியாயம்வரை போகவே இல்லை. கலியன் போயிருப்பார்.

அன்று முழுக்க அவன் வீட்டில் உட்காரவில்லை. குவார்ட்டர்ஸ் பிளாக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சாமி சொன்னது என்று நம்பிக் கரி வாரிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு, அது சாமி இல்லை, உன் தம்பி என்று லாக் புக்கில் எழுதிக் கொடுத்தாயிற்று. கலியன் நேரே கோயம்புத்தூருக்குப் போன் போட்டிருப்பாரா? செல்வகுமார் மகள் எதிரில் அந்தப் போனை எடுத்திருப்பானா? சத்யா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. போய் அவரு கால்ல விழுங்க. கவிதை கிவிதை சொல்லிக்கிட்டு நிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கலியன் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி செங்கமலம், "அவுரு வடலூரு சபைக்குப் போயிருக்காரு சார், காய் அரிய" என்றாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுவே மணிமாறனுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஸ்கூட்டரை வடலூருக்குத் திருப்பினான்.

சபையின் தருமசாலையில் அன்னதானச் சமையலுக்குக் கத்தரிக்காய் மலையாகக் குவிந்திருந்தது. கலியன் பலகைமேல் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது, கை நகத்துக்குள் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கரி. நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். சும்மா நிக்காதீங்க, அந்தக் கத்திய எடுத்துக்குங்க."

மணிமாறன் உட்கார்ந்து ஒரு காயை எடுத்தான். 

"கலியண்ணே, நான் செஞ்சது பெரிய தப்பு..."

"பித்தளைத் தட்டுன்னு எழுதியிருக்கீங்க" என்றார் கலியன். "பித்தளை இல்ல சார். எவர்சில்வர் தட்டு. எங்க ஆத்தா வூட்டுலேர்ந்து எடுத்தாந்துச்சி. ஓரத்துல நசுங்கியிருக்கும்."

மணிமாறன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தான்.

"அப்புறம் அந்த மீதிச் சீட்டு. அத நீங்க எழுதவே இல்லியே. ஒண்ண அந்தப் பொண்ணு எடுத்துச்சி. இன்னொண்ணு தட்டுல கெடந்துச்சே, அது என்னா ஆச்சி?"

"செல்வகுமார் சொல்லலை."

"அவனுக்குத் தெரியாது. மீதி சீட்டப் பிரிக்கக் கூடாது, கற்பூரத்துல போட்டுடணும். அதான் எங்க ஊரு வழக்கம். பூசாரி என்னைப் போடச் சொன்னாரு. தோத்தவன்தான் போடணுமாம்." கலியன் ஒரு காயை நாலாக வகிர்ந்து தண்ணீரில் போட்டார். "அவன் எழுத்து அழகா இருக்கும் சார். என் பேர எப்டி எழுதியிருக்கான்னு பாக்கலாம்னுதான் பிரிச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல. பாத்தா, அதுலயும் அவன் பேரு."

பக்கத்தில் யாரோ பூசணிக்காயைப் பிளந்தார்கள். மணிமாறன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"அப்பவே தெரியும். கற்பூரத்துல போட்டுட்டேன். ஆத்தா பக்கத்துல நின்னுகினு இருந்துச்சி. ஊரே நின்னுகினு இருந்துச்சி. அந்த எடத்துல வாயத் தொறந்திருந்தா வேல எனக்கு வந்திருக்கும், தம்பி போயிருப்பான். தூக்குல தொங்கியிருப்பான் சார். அவன் அப்டிப்பட்ட ஆளு."

"கோவம் வரலையா?"

"வராம? மூணு வருசம் அவன் வூட்டுல பச்சத் தண்ணி குடிக்கல. வயித்து வலின்னு சொல்லிக்கினு இருந்தேன். எனக்கு அல்சருன்னு அவன் ஆஸ்பத்திரிக்கெல்லாம் இட்டுக்கினு போனான்." கலியன் சிரித்தார். "அப்புறம் ஒரு நாளு அவன் வூட்டுல கருவாட்டுக் கொழம்பு. பசி. சாப்ட்டுட்டேன். அவ்ளோதான், முடிஞ்சி போச்சி."

மணிமாறனின் கையில் கத்தரிக்காய் கறுத்துக்கொண்டிருந்தது. வெட்கமும் துக்கமும் வந்தன. நிஜமாகவே வந்தன. ஆனால் அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்து துள்ளியது. முடிவு கிடைத்துவிட்டது. ஒன்பது வருஷம் தேடிய முடிவு, கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துள்ளலுக்காக அவன் தன்னையே அருவருத்தான். அப்படியும் அது அடங்கவில்லை.

கலியன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"சார், ரெண்டு விசயம். நீங்க அதுல என்னை வெள்ளந்தின்னு போட்டிருக்கீங்க. ஏமாந்தவன்னு போட்டிருக்கீங்க. அது எனக்குப் புடிக்கல. நான் ஏமாறல."

"மாத்திடறேன் அண்ணே. உங்களுக்குத் தெரியும்னு எழுதிடறேன்."

"அதத்தான் எழுதக் கூடாது. எனக்குத் தெரியும்னு தம்பிக்குத் தெரிஞ்சா அவன் என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

"பேரெல்லாம் மாத்திடுவேன். ஊரையும் மாத்திடுவேன்."

"தட்ட மாத்துவீங்க. சீட்ட மாத்துவீங்களா? நீங்க என்னா எழுதினாலும் மொத ஆளா படிக்கிறது அவன்தான். உங்க கவிதைய எங்க வூட்டுக்கு எடுத்தாந்து எனக்குப் படிச்சிக் காட்டுறான். எங்க பெல்ட்டுல இருக்கிற ஆளு எழுதினதுண்ணேன்னு பெருமையா சொல்லுறான்."

"ஏமாளின்னும் எழுதக் கூடாது, தெரியும்னும் எழுதக் கூடாது. அப்ப நான் என்னதான் அண்ணே எழுதறது?"

"அத என்னைக் கேட்டா?" என்றார் கலியன். "எழுத்தாளரு நீங்கதானே." அடுத்த கூடையை இழுத்து நடுவில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தவன் எழுதாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. மத்தியானம் இன்னொரு பழைய புக்கைப் பிரித்து உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தான். பத்தொன்பது பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. எவர்சில்வர் தட்டு, நசுங்கிய ஓரம், கற்பூரம், அல்சர், கருவாட்டுக் குழம்பு எல்லாம் இருந்தன. சத்யா வாங்கிப் படித்தாள். கடைசிப் பக்கத்தை மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு, "இது நீங்க எழுதினதுலயே நல்லது" என்றாள். "போன்ல படம் எடுத்து வச்சிக்கங்க, காணாமப் போயிடப் போவுது." அவன் எடுக்கவில்லை. போனுக்குள் போய்விட்டால் விரல் சும்மா இருக்காது, அறிவழகனுக்கு அனுப்பிவிடும். பக்கங்களை மட்டும் புக்கிலிருந்து கிழித்துப் பையில் வைத்தான்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முழுக்க அந்தப் பை அவன் காலடியில் இருந்தது. நிஜ லாக் புக்கை மேஜையில் வைத்தாயிற்று, பாய் பத்திரமாக லாக்கரில் வைத்திருந்த நாவலும் கைக்கு வந்துவிட்டது. இரண்டு மணிக்கு செல்வகுமார் வந்தான். கண் உள்ளே போயிருந்தது, ரயிலில் தூங்கவில்லைபோல. கையில் ஸ்வீட் டப்பா. கேபின் வாசலில் கலியன் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

"எண்ணே, எடுத்துக்க. பாப்பாவுக்கு சீட்டு கெடைச்சிடுச்சி" என்று அண்ணனுக்கு முதலில் நீட்டினான். கலியன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு செல்வகுமார் மணிமாறன் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணும் விசேஷம் இல்லியே?"

பதினாறு வருஷமாகக் கேட்கிற கேள்வி. மணிமாறன் காலடியில் இருந்த பையைப் பார்த்தான். வாசலில் கலியன் மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். 

"ஒண்ணும் இல்ல" என்றான் மணிமாறன். "நார்மல்."

செல்வகுமார் கையெழுத்துப் போட்டான். "நாவல் எந்த அளவுல இருக்குது மாறா? முடிச்சிட்டு மொதக் காப்பி எனக்குத்தான், சொல்லிட்டேன்." மணிமாறன் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

கலியனுக்கு ஜெனரல் ஷிப்ட், ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவார். மணிமாறன் கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்தான். மூன்று டீ குடித்தான். மூன்று முறை பக்கங்களை வெளியே எடுத்து, முதல் பக்கத்துக்கு நேராகப் போனைப் பிடித்தான். பத்தொன்பது தடவை அழுத்தினால் போதும். சென்னையில் ஒருவர் துள்ளிக் குதிப்பார். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கவிஞன் எழுந்து நடமாடுவான். மூன்று முறையும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நாலாவது முறை எடுப்பதற்குள் ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டது.

கலியன் டிபன் பையோடு வந்தார். அவனைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் அண்ணே. எழுதாம இருக்க முடியலை."

"நல்லா வந்திருக்குதா?"

"நல்லா வந்திருக்கு."

"குடுங்க."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சைக்கிள் சீட்டின்மேல் தாள்களை வைத்து நின்றபடியே படித்தார். உதடு அசைந்தது. ஷிப்ட் முடிந்த கூட்டம் இரண்டு பக்கமும் மணி அடித்துக்கொண்டு போனது. ஓரிடத்தில் கலியன் நின்றார், அதே வரிக்குத் திரும்பப் போனார், மூக்கை உறிஞ்சினார். தன் எழுத்தை யாரும் இப்படிப் படித்து இருபது வருஷத்தில் மணிமாறன் பார்த்ததில்லை.

நாலு பக்கம் முடித்ததும் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார்.

"எவர்சில்வருன்னு மாத்திட்டீங்க."

"மாத்திட்டேன்."

"இதுக்கு வேற காப்பி இருக்குதா சார்?"

மணிமாறன் அந்தத் தாள்களைப் பார்த்தான். கையை நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

"இல்ல" என்றான்.

"அப்ப சரி" என்றார் கலியன். "மீதிய வூட்டுல படிச்சிக்கிறேன்." தாள்களை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து, பையை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஏறினார். வடலூர் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாகப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. அறிவழகன்.

"சார், மாசம் முடியப்போவுது. முடிவு கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றான் மணிமாறன்.  "ஆனா அது என்கிட்ட இல்ல சார்."

எதிர்முனையில் அவர் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். மணிமாறன் ஸ்கூட்டர் சாவியை எந்தப் பையில் வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தான்.